லண்டனிலிருந்து வெளியூர் ஆட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு: எதை முதலில் வாங்குவது, எதற்குக் காத்திருப்பது

படிக்கவோ வேலைக்கோ இங்கிலாந்துக்கு வந்து, ஒரு பிரீமியர் லீக் அணியைத் தன் அணி என்று வரித்துக்கொண்டு, அதன் சொந்த மைதானத்தில் சில ஆட்டங்களையும் பார்த்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெளியூர் ஆட்டம் வேறு உலகம். எதிரணியின் ஊரில், அவர்கள் மைதானத்தின் ஒரு மூலையில், நம் அணிக்காரர்கள் மட்டும் தொண்ணூறு நிமிடமும் நின்றபடி பாடுகிற இடம் அது. அங்கே போய்ச் சேர்வதற்கான விவரங்கள் மட்டும் எங்கும் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. டிக்கெட் விதி கிளப்பின் தளத்தில், ரயில் விதி வேறொரு தளத்தில், மைதான விதி எதிரணியின் தளத்தில் என்று சிதறிக் கிடக்கின்றன. விசாவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியதை யாருமே எழுதுவதில்லை.

நான் தெற்கு லண்டனில் குரோய்டனில் இருக்கிறேன். கிரிஸ்டல் பேலஸ் ரசிகன். நீங்கள் எந்த அணியாக இருந்தாலும் கீழே உள்ள வரிசை பொருந்தும். பணம் வீணாவது பெரும்பாலும் இந்த வரிசை மாறும்போதுதான்: ஆட்டத்தின் தேதி உறுதியாகுமுன் ரயில், டிக்கெட் கைக்கு வருமுன் விடுதி என்று.

1. மெம்பர்ஷிப்பும் புள்ளிகளும்

வெளியூர் டிக்கெட்டை எதிரணியிடம் வாங்க முடியாது. உங்கள் அணியின் கிளப்தான் விற்கும். பிரீமியர் லீக் விதிப்படி, வரும் அணிக்கு 3,000 இடங்கள். மைதானமே சிறியது என்றால் மொத்த இருக்கைகளில் 10 சதவீதம். மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டில் 74,000 பேர் உட்காரலாம், அங்கும் வெளியூர்க்காரர்களுக்கு அந்த 3,000தான். போர்ன்மத் மைதானம் பதினோராயிரத்துச் சொச்சம் என்பதால் அங்கே ஆயிரத்துக்குச் சற்று மேல்.

இந்தச் சில ஆயிரத்தில் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு முதலிடம். அவர்களுக்குள்ளும் லாயல்டி புள்ளி (வெளியூர் ஆட்டங்களுக்குப் போகப் போகச் சேர்வது) அதிகம் உள்ளவர்கள் முந்திக்கொள்வார்கள். மிச்சம் இருந்தால்தான் ஆண்டுச் சந்தா கட்டிய மெம்பர்களுக்கு வரும். மெம்பர்ஷிப் இல்லாதவர்களுக்குப் பொது விற்பனை என்று அறிவித்தால் அது அபூர்வம். ஆகவே பருவம் தொடங்குமுன், கோடையிலேயே மெம்பர்ஷிப் எடுத்துவிடுங்கள். பெயர், பிறந்த தேதி இரண்டும் உங்கள் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். தந்தை பெயர் முன்னால் வரும் நம் ஆட்களுக்கு இதில் குழப்பம் நேர்வது சகஜம். பிறகு மைதானத்தில் அடையாளம் கேட்டால் அந்த இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

புள்ளி இல்லாதவர் புள்ளி சேர்ப்பது எப்படி? யாரும் போக விரும்பாத ஆட்டங்களுக்குப் போய்த்தான். டிசம்பர் மாதம் புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு நியூகாசிலில் ஆட்டம் என்றால், ஐம்பது புள்ளி வைத்திருப்பவரும் வீட்டில் உட்கார்ந்துவிடுவார். அந்த டிக்கெட் உங்களுக்கு எட்டும். லண்டனுக்குள்ளேயே நடக்கும் ஆட்டங்கள் ரயில் செலவில்லாமல் சுலபம் போலத் தோன்றும். எல்லோருக்கும் அப்படியே தோன்றுவதால் அவைதான் முதலில் தீரும். எஃப்.ஏ. கோப்பை ஆட்டங்களையும் விடாதீர்கள். அங்கே வரும் அணிக்கு 15 சதவீதம் வரை இடம் உண்டு. கீழ்ப்பிரிவு அணிகளின் பழைய மைதானங்களைப் பார்க்கிற வாய்ப்பும் கூடவே கிடைக்கும்.

ஆர்சனல், லிவர்பூல் போன்ற அணிகளின் ரசிகர்களுக்கு ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். புதிய மெம்பருக்கு லீக் வெளியூர் டிக்கெட் கிடைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். கோப்பையின் தொடக்கச் சுற்றுகளையே நம்புங்கள்.

2. அட்டவணை வந்ததும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

ஜூன் மாதம் அட்டவணை வரும். அதில் பெரும்பாலான ஆட்டங்கள் சனிக்கிழமை பிற்பகல் 3 மணி என்றிருக்கும். அதை நம்பி ஒரு பைசா செலவழிக்காதீர்கள். 2025-26 பருவத்தில் தொடங்கிய தொலைக்காட்சி ஒப்பந்தப்படி 380 ஆட்டங்களில் குறைந்தது 267 நேரலையில் வருகின்றன. சனி பிற்பகல் 3 மணி ஆட்டங்களை இந்நாட்டில் நேரலையாகக் காட்டுவதில்லை என்பது நெடுநாள் வழக்கம். ஆகவே தொலைக்காட்சி எடுத்துக்கொள்ளும் ஆட்டம் வெள்ளி இரவு, சனி 12.30, சனி 5.30, ஞாயிறு 2 மணி, 4.30, திங்கள் இரவு என்று எங்காவது நகர்ந்தாக வேண்டும்.

நகரும் தேதி ஆட்டத்துக்கு ஐந்தாறு வாரங்களுக்கு முன் அறிவிக்கப்படும். அதுதான் நீங்கள் காத்திருக்க வேண்டிய நாள். அதற்குப் பிறகும் ஓர் ஆபத்து உண்டு. இரு அணிகளில் ஒன்று வியாழக்கிழமை ஐரோப்பியப் போட்டியில் ஆடினால் சனிக்கிழமை ஆட்டம் ஞாயிறுக்குப் போகும், ஒன்று எஃப்.ஏ. கோப்பையில் அரையிறுதிக்குப் போய்விட்டால் அந்த வாரத்து லீக் ஆட்டமே தள்ளிப்போகும். மார்ச், ஏப்ரல் மாத ஆட்டங்களுக்கு இந்தச் சந்தேகத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்வது நல்லது.

3. டிக்கெட் வாங்கும் நாள்

ஆட்டத்துக்குச் சில வாரங்களுக்கு முன் கிளப் ஒரு விற்பனை அறிவிப்பு வெளியிடும். எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை புள்ளி உள்ளவர்கள் வாங்கலாம் என்று படிப்படியாக அதில் இருக்கும். உங்கள் படிக்குரிய நேரத்தை நாட்காட்டியில் குறித்து, பத்து நிமிடம் முன்பே உள்நுழைந்து இருங்கள். அட்டை விவரங்கள் முன்பே சேமிக்கப்பட்டிருக்கட்டும். வங்கி அனுப்பும் உறுதிப்படுத்தும் செய்தி வர உங்கள் பிரிட்டன் எண் இயங்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த அட்டையில் இந்த இடத்தில்தான் பரிவர்த்தனை அறுந்துபோகும்.

விலையைப் பற்றிப் பயம் வேண்டாம். 2016-17 பருவத்திலிருந்து பிரீமியர் லீக் வெளியூர் டிக்கெட்டுக்கு 30 பவுண்டு என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அதே மைதானத்தில் உள்ளூர்க்காரர் இரண்டு மடங்கு கொடுத்து உட்கார்ந்திருப்பார். இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்பில் இந்த வரம்பு கிடையாது.

கிடைக்கவில்லை என்றால் சமூக ஊடகத்தில் 120 பவுண்டுக்கு விற்கிறவரிடம் போகாதீர்கள். கிளப்பின் அனுமதியின்றிக் கால்பந்து டிக்கெட் விற்பது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே குற்றம். வாங்குகிற உங்களுக்குப் பெரும்பாலும் நேர்வது வேறு: பணம் போகும், டிக்கெட் வராது. இப்போது டிக்கெட்டுகள் கைப்பேசி வாலட்டில் வருவதால் ஒரே படத்தை நான்கு பேருக்கு அனுப்பி ஏமாற்றுவது இன்னும் எளிதாகிவிட்டது. நண்பரின் டிக்கெட்டை வாங்குவதானால் கிளப்பின் செயலி வழியாக முறைப்படி மாற்றித் தரச் சொல்லுங்கள். சில கிளப்புகள் திடீரென்று சிலரது டிக்கெட்டை மட்டும் மைதானத்தில் அடையாள அட்டை காட்டிப் பெற்றுக்கொள்ளச் சொல்லும். மாட்டினால் டிக்கெட் உரியவரின் புள்ளிகள்தான் பறிபோகும்.

இன்னொரு குறுக்குவழியும் காதில் விழும்: உள்ளூர் ரசிகர்கள் பகுதியில் டிக்கெட் வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடலாம் என்று. உங்கள் அணி கோல் போடும் அந்த ஒரு கணத்தில் முகம் காட்டிக்கொடுத்துவிடும். வெளியேற்றுவார்கள், பணம் திரும்பாது. அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது அதிர்ஷ்டம்.

4. ரயிலா, கோச் பேருந்தா?

அதிகப் பணம் போவது இங்கேதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் வேலையாக ரயில்கார்டு எடுங்கள். ஆண்டுக்கு 35 பவுண்டு. பெரும்பாலான கட்டணங்களில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 60 பவுண்டுப் பயணம் 40 ஆகும். இரண்டு வடக்குப் பயணத்தில் போட்ட பணம் வந்துவிடும். 16-25, 26-30 என்று வயதுவாரியாக உண்டு. முழுநேர மாணவர் என்றால் 26 வயதைத் தாண்டியும் 16-25 கார்டு கிடைக்கும். பல்கலைக்கழகத்தின் சான்று வேண்டும். முப்பதைத் தாண்டிய வேலைக்காரர்கள் நண்பரோடு சேர்ந்து இருவர் கார்டு எடுக்கலாம். ஆனால் கார்டில் பெயர் உள்ள அந்த இருவரும் சேர்ந்தே பயணம் செய்ய வேண்டும். ஒருவர் வரவில்லை என்றால் மற்றவருக்கும் சலுகை இல்லை. கார்டைக் காட்ட முடியாவிட்டால் டிக்கெட்டே செல்லாததாகிவிடலாம். இங்கிலாந்தில் அபராதக் கட்டணம் 100 பவுண்டு, அதோடு பயணக் கட்டணம். 21 நாளுக்குள் கட்டினால் அந்த நூறு ஐம்பதாகும். கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்துவிட்டது என்ற சமாதானத்தைப் பரிசோதகர் ஆயிரம் முறை கேட்டிருப்பார். பவர் பேங்க் இல்லாமல் வெளியூர் ஆட்டத்துக்குப் போகாதீர்கள்; மைதான டிக்கெட்டும் அதே கைப்பேசியில்தானே இருக்கிறது.

டிக்கெட் வகைகளில் அட்வான்ஸ்தான் மலிவு. வழக்கமாகப் பன்னிரண்டு வாரம் முன்பிருந்து விற்பனைக்கு வரும். குறிப்பிட்ட ரயிலில் மட்டும் செல்லும், ரத்து செய்தால் பணம் திரும்பாது. புறப்படுமுன் வேறு நேரத்துக்கு மாற்றலாம். அதற்கு 10 பவுண்டும் கட்டண வித்தியாசமும் கட்ட வேண்டும். ஆஃப்-பீக் விலை கூடுதல், ஆனால் நெரிசல் நேரம் தவிர எந்த ரயிலிலும் ஏறலாம். நான் சொல்வது: போகும்போது அட்வான்ஸ், திரும்பும்போது முடிந்தவரை ஆஃப்-பீக். ஆட்டம் கூடுதல் நிமிடங்களில் நீளும், வெளியே விட நேரமாகும், பேருந்து நகராது. அட்வான்ஸ் டிக்கெட்டுக்குரிய ரயில் தவறினால் அது வெறும் காகிதம். லண்டன்–நியூகாசில் வழியில் எல்.என்.இ.ஆர். ரயில் நிறுவனம் 2024 பிப்ரவரியில் ஆஃப்-பீக்கை எடுத்துவிட்டு, பதிவு செய்த ரயிலுக்கு 70 நிமிடம் முன்னோ பின்னோ செல்லும் ரயிலில் ஏற அனுமதிக்கும் ஒரு வகையைக் கொண்டுவந்தது. அந்தப் பாதையில் அதே தடத்தில் ஓடும் லூமோ ரயிலின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எப்போது வாங்குவது? தொலைக்காட்சித் தேதி அறிவித்த அன்றே ரயில் தேடுபவர்கள் குவிவார்கள், மலிவு டிக்கெட்டுகள் கரையும். ஆட்ட டிக்கெட் கிடைக்கும் என்று புள்ளிகளை வைத்து ஓரளவு நிச்சயமாகத் தெரிந்தால் அன்றே வாங்குங்கள். சந்தேகமென்றால் ஆட்ட டிக்கெட் வரும்வரை பொறுங்கள். இருபது பவுண்டு கூடுதலாகப் போவது எண்பது பவுண்டு மொத்தமாகப் போவதைவிட மேல். ரயில் நிறுவனங்களின் சொந்தத் தளங்களில் பதிவுக் கட்டணம் இல்லை. இடைத்தரகுச் செயலிகளில் உண்டு, விலை அதேதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் பாதைப் பராமரிப்பு வேலை இருக்கிறதா என்று நேஷனல் ரெயில் தளத்தில் பாருங்கள். இரண்டே கால் மணி நேர லிவர்பூல் பயணம், நடுவில் மாற்றுப் பேருந்து ஏறி நான்கு மணி நேரமாகிவிடும்.

தனியாகப் போகும் புதியவர்களுக்கு என் முதல் பரிந்துரை ரயில் அல்ல, கிளப் ஏற்பாடு செய்யும் கோச். மைதானத்துக்கு அருகிலேயே இறக்கிவிடும், ஆட்டம் முடிந்து எல்லோரும் ஏறும்வரை நிற்கும், ஆட்டம் தள்ளிப்போனால் அதுவும் தள்ளிப்போகும். மெதுவாகத்தான் போகும். 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்டத்துக்குப் போகும் கோச்சில் மது கூடாது என்பதால் சிலருக்கு அது குறை. தூங்க விரும்புகிறவர்களுக்கு வசதி. பக்கத்து இருக்கைக்காரரோடு பேச்சுக் கொடுங்கள். மறுமுறை யாருக்காவது வர முடியாமல் போகும்போது முறைப்படி டிக்கெட் மாற்றித் தர ஆள் கிடைப்பது இப்படித்தான்.

5. இரவு தங்க வேண்டுமா?

வாரநாள் இரவு 8 மணி ஆட்டம் பத்து மணியளவில் முடியும். நியூகாசிலிலிருந்து லண்டனுக்கு அதன்பின் ரயில் கிடையாது. லிவர்பூல், மான்செஸ்டரும் நம்பத்தக்கவை அல்ல. சனிக்கிழமை மாலை 5.30 ஆட்டமும் ஒரு பொறிதான். சனி இரவுக் கடைசி ரயில்கள் மற்ற நாட்களைவிட முன்னதாகவே போய்விடும். ஆட்டத் தேதி தெரிந்ததும் கடைசி ரயிலைத்தான் முதலில் பாருங்கள்.

தங்குவதானால் இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையை மட்டும் பதிவு செய்யுங்கள். பத்துப் பன்னிரண்டு பவுண்டு கூடுதலாக இருக்கும், இருக்கட்டும். ஆட்டம் ஞாயிறுக்கு நகர்ந்தபோது ஒரு விடுதி எனக்கு ஒரு பென்னிகூடத் திருப்பித் தரவில்லை. விதி அப்படித்தான் என்றார்கள், உண்மையும் அதுதான். இன்னொரு வழி, லண்டன் விக்டோரியாவுக்குத் திரும்பும் இரவுப் பேருந்து. நியூகாசிலிலிருந்து ஏழு மணி நேரம். முதுகு ஒத்துழைத்தால் அறை வாடகை மிச்சம்.

6. கையில் என்ன வைத்திருக்க வேண்டும்

கைப்பேசியில் ஆட்ட டிக்கெட், ரயில் டிக்கெட், ரயில்கார்டு. மூன்றையும் வீட்டிலேயே பதிவிறக்கி வைத்துவிடுங்கள். மைதானத்து வாசலில் முப்பதாயிரம் பேர் ஒரே கைப்பேசிக் கோபுரத்தில் தொங்கும்போது இணையம் இயங்காது. வங்கி அட்டை அவசியம். மைதானக் கடைகளில் பெரும்பாலும் ரொக்கம் வாங்குவதில்லை.

அடையாள அட்டைக்குக் கடவுச்சீட்டைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். நெரிசலில் தொலைந்தால் தூதரகம், காவல்துறை என்று மாதக்கணக்கில் அல்லாட வேண்டியிருக்கும். கார் ஓட்டத் தெரியாவிட்டாலும் தற்காலிக ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். இணையத்தில் 34 பவுண்டு. மதுக்கூடத்திலும் விடுதியிலும் மைதானத்திலும் அதுவே போதும்.

பை ஏ4 தாளைவிடப் பெரிதாக இருந்தால் பல மைதானங்களில் உள்ளே விடமாட்டார்கள், வைத்துவிட்டுப் போகவும் இடமிருக்காது. இரவு தங்குகிறவர்கள் பையை விடுதியில் போட்டுவிட்டு வாருங்கள். பாட்டில், டப்பா எதுவும் வேண்டாம். சைவக்காரர்களுக்கு உள்ளே உருளைக்கிழங்கு வறுவலும் சீஸ்-வெங்காய பேஸ்ட்ரியும்தான் கதி. புளியோதரையை ரயிலிலேயே முடித்துவிடுவது உத்தமம்.

7. மைதானத்தில்

வெளியூர் ரசிகர்களுக்குத் தனி வாசல். டிக்கெட்டில் எண் இருக்கும். தவறான பக்கம் போனால் மைதானத்தையே சுற்றிவர வேண்டும். ஆட்டம் தொடங்க முக்கால் மணி நேரம் முன்பே போய்விடுங்கள், சோதனை வரிசை நீளும். அணியின் சட்டையை மேலங்கிக்குள் போட்டுக்கொண்டு நடங்கள். அருகிலுள்ள பல மதுக்கூடங்களின் கதவில் உள்ளூர் ரசிகர்களுக்கு மட்டும் என்று எழுதியிருக்கும்.

ஊருக்கு ஊர் வழி வேறு. நியூகாசிலில் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். ஆனால் வெளியூர் பகுதி உச்சியில் இருக்கிறது, பதினான்கு அடுக்குப் படிக்கட்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் மின்தூக்கியைக் கேட்டு வாங்குங்கள். லிவர்பூல் லைம் ஸ்ட்ரீட்டிலிருந்து ஆன்ஃபீல்டு இரண்டு மைலுக்கு மேல், பேருந்து வேண்டும். எவர்டன் 2025இல் துறைமுகப் பக்கம் புதிய மைதானத்துக்குப் போய்விட்டது. பழைய குடிசன் பார்க் வழிகாட்டிகளைத் தூக்கி எறியுங்கள். ஆஸ்டன் வில்லாவுக்கு பர்மிங்காம் நியூ ஸ்ட்ரீட்டில் இறங்கி விட்டன் நிலையம் போகும் சிறு ரயில். பிரைட்டனுக்கு ஃபால்மர் நிலையம் மைதானத்தை ஒட்டியே இருக்கிறது.

இருக்கை எண் டிக்கெட்டில் இருந்தாலும் எல்லோரும் நின்றுகொண்டேதான் இருப்பார்கள். முன்வரிசையில் உயரமானவர் நின்றால் அது உங்கள் விதி. குளிருக்கு ஒரு தடித்த கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் மேல்.

விசாவில் இருப்பவர்கள் இதைக் கவனித்துப் படியுங்கள். கோல் விழுந்த மகிழ்ச்சியில் புல்தரையில் கால் வைப்பது 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். புகைக் குண்டு கொண்டுபோவதும் குற்றம். உங்களோடு நிற்கும் உள்ளூர் இளைஞனுக்கு அது ஓர் அபராதத்தோடு போகலாம். கால்பந்துத் தடை உத்தரவு வந்தால் குறைந்தது மூன்று ஆண்டு. உங்களுக்கோ அடுத்த விசா விண்ணப்பத்தில் குற்றப் பின்னணி கேட்கும் கட்டமும் சேர்ந்து நிற்கும். இனவெறிப் பேச்சைக் கேட்க நேர்ந்தால் வாய்ச்சண்டைக்குப் போகாமல் வரிசை, இருக்கை எண்ணோடு மைதானப் பணியாளரிடம் சொல்லுங்கள். கால்பந்தில் இனவெறியை எதிர்க்கும் கிக் இட் அவுட் அமைப்பின் செயலியிலும் புகார் தரலாம். பொதுவாக வெளியூர் பகுதியில் நம் நிறத்தவர்கள் குறைவுதான். சட்டையின் நிறம் ஒன்றாக இருப்பதால் பாதி நேரம் அது நினைவுக்கே வருவதில்லை. மீதிப் பாதி நேரம் வருகிறது.

8. திரும்பும் வழி

ஆட்டம் முடிந்ததும் உங்களைச் சிறிது நேரம் உள்ளேயே நிறுத்தி வைக்கலாம். அதையும் நடையையும் சேர்த்து, இறுதி விசிலுக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்குப் பின் உள்ள ரயிலையே பதிவு செய்யுங்கள். ரயில் தாமதமானால் டிக்கெட்டை அழிக்காதீர்கள். பெரும்பாலான நிறுவனங்கள் 15 நிமிடத் தாமதத்துக்கே இழப்பீடு தருகின்றன, அட்வான்ஸ் டிக்கெட்டுக்கும் உண்டு. 28 நாளுக்குள் கேட்க வேண்டும்.

9. ஐரோப்பியப் பயணம் என்றால்

பேலஸ் 2025இல் எஃப்.ஏ. கோப்பையை வென்றபின் எங்களுக்கும் இந்தத் தலைவலி வந்தது. ஐரோப்பியப் போட்டிகளில் வரும் அணிக்கு மைதானத்தில் 5 சதவீத இடம். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது) வேண்டும்: கட்டணம் 90 யூரோ, அதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம், 30,000 யூரோவுக்கான பயணக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், வேலை அல்லது கல்லூரிக் கடிதம், பிரிட்டனில் தங்கும் உரிமைக்கான ஈ-விசா சான்று. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைவாக இருந்தால் ஏற்கமாட்டார்கள்.

யாரோடு யார் ஆடுவது என்ற குலுக்கல் ஆகஸ்டு இறுதியில் நடக்கும். முதல் ஆட்டங்கள் செப்டம்பர், அக்டோபரில். அந்த இடைவெளியில் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே அரிது. உங்கள் அணி ஐரோப்பாவுக்குத் தகுதி பெற்றுவிட்டது என்று மே மாதம் தெரிந்தால், கோடையில் ஒரு சுற்றுலாவுக்குப் போய்வாருங்கள். அந்தப் பயணத்துக்கு விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழையும் விசா கேளுங்கள். கொடுத்தால் பருவம் முழுக்கப் பயன்படும். அயர்லாந்து ஷெங்கனில் இல்லை. டப்ளினில் ஆட்டம் என்றால் அதற்குத் தனி விசா, பிரிட்டன் விசாவில் நீங்கள் இங்கே வசித்தாலும். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் எதுவும் வேண்டாம்.